கோப்பில் நோயாளி, வீட்டில் பராமரிப்பாளர்: ஒரு விமான மெக்கானிக்கின் 11 டயாலிசிஸ் ஆண்டுகள்

சென்னையின் தென்புறநகரில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்தில் 2011 முதல் 2022 வரை சிகிச்சை பெற்ற ஒருவரைப் பற்றிய ஆய்வு இது. மீனம்பாக்கம் விமான நிலைய ஹேங்கரில் 37 ஆண்டுகள் மெக்கானிக்காக வேலை பார்த்து, 2010இல் தம் 58ஆம் வயதில் ஓய்வு பெற்றவர். பம்மலில் மனைவியுடன் குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. மனைவிக்கு நெடுங்காலமாக, மூட்டுகள் இறுகி மடங்காமல் போகும் முடக்குவாதம். நான் அந்த மையத்தில் மூத்த செவிலி. அவர் கையில் ஊசி போட்டவர்களில் ஒருத்தி. அவர் மறைந்த பிறகு, அவர் மனைவியின் சம்மதத்தோடு, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் நோயாளியின் பெயருக்குக் கீழே 'உடன் வருபவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் மனைவியின் பெயர் இருந்தது. அதைப் படிக்கும் எவரும் அந்த அம்மாதான் இவரைப் பார்த்துக்கொள்கிறார் என்று எண்ணுவார்கள். உண்மை நேர் எதிரானது. சமையல், துணி துவைத்தல், மனைவிக்குத் தலை வாரிப் பின்னிவிடுதல், ரவிக்கைக் கொக்கி மாட்டுதல், மாத்திரை எடுத்துக் கொடுத்தல் எல்லாமே அவர்தான். தனியாக விட முடியாததால்தான் அந்த அம்மாவை அவர் கூடவே அழைத்து வந்தார். அவர் இயந்திரத்தோடு இணைந்திருந்த நான்கு மணி நேரமும் அந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு செய்தி தெரியாமல் அவருடைய சிகிச்சை பற்றி எந்த முடிவையும் சரியாக எடுத்திருக்க முடியாது என்பதே நான் சொல்ல வருவது.

நோய் வந்த வழி

ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, 1973இல் உதவியாளராகச் சேர்ந்தார். ஆவ்ரோ, போயிங் 737, ஏர்பஸ் ஏ300, பிறகு 1989இல் வந்த ஏ320 என்று நிறுவனம் விமானங்களை மாற்ற மாற்ற இவரும் புதிதாகக் கற்றுக்கொண்டே வந்தார். சக்கர அறைக்குள் குனிந்தும், இறக்கைக்கு அடியில் கையை உயர்த்தியும், சிமென்ட் தரையில் மண்டியிட்டும் செய்கிற வேலை. பாதி நாட்கள் இரவு ஷிப்ட். நாற்பதைத் தொடும் முன்பே முதுகு வலியும் முழங்கால் வலியும் நிரந்தரமாகிவிட்டன. மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது பல ஆண்டுப் பழக்கம். ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்த பிறகும் அதற்கான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

2008இல் கால் வீங்கியபோது எடுத்த ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. அந்த நிலைக்கு வந்துவிட்ட சிறுநீரகத்தில் திசுப் பரிசோதனை செய்தும் பயனில்லை. ஆகவே மூல காரணம் இன்னதென்று உறுதிப்படவில்லை. ஆனால் கட்டுப்படாத ரத்தக் கொதிப்பும், அதோடு சேர்த்து ஆண்டுக்கணக்காக விழுங்கிய வலி மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. உடல் உழைப்பு வேலை செய்கிறவர்களின் வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவது காரணத்தை எந்த மருத்துவரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. மருத்துவரின் சீட்டில் இல்லாத மருந்து கேஸ் ஷீட்டிலும் ஏறுவதில்லை.

ஒரு விஷயத்தில் அவருக்கு நல்ல தொடக்கம் அமைந்தது. டயாலிசிஸ் தேவைப்படுவதற்கு முன்பே, 2011 தொடக்கத்தில், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டுவிட்டார்கள். அது தடித்து முதிர இரண்டு மாதம் போல ஆகும். பலர் மூச்சுத் திணறலோடு அவசரமாக வந்து, கழுத்தில் குழாய் வைத்துத் தொடங்குகிறார்கள். கிருமித் தொற்றின் ஆபத்தும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இவருக்கு அந்த நிலை வரவில்லை.

ஃபிஸ்டுலாவின் மேல் விரலை வைத்தால் ஒரு மெல்லிய அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்று பொருள். காலையும் இரவும் தொட்டுப் பார்க்கச் சொல்லி எல்லா நோயாளிகளுக்கும் கற்றுத் தருகிறோம். ஜெட் என்ஜின்களின் பக்கத்திலேயே வாழ்ந்ததில் இவருக்குக் காது மந்தம். குறிப்பாகக் கீச்சென்ற ஒலிகள் கேட்காது, எங்கள் இயந்திரத்தின் அலாரம் உட்பட. அதற்கு ஈடாக விரல் நுனி வேலை செய்தது. 2014இல் ஒரு நாள் ஊசி போடும் முன் என் கையைப் பிடித்துத் தம் முன்கையில் வைத்தார். "சிஸ்டர், துடிப்பு இருக்கிறது, அதிர்வு குறைந்துவிட்டது. முன்னால் எங்கோ அடைப்பு இருக்கிறது" என்றார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் மேல்கைச் சிரையில் ரத்தம் திரும்பிப் போகும் வழி குறுகியிருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள். அதே ஃபிஸ்டுலா கடைசி வரை உழைத்தது. இயந்திரத்தில் அழுத்த எண்கள் ஏறுவதற்கு முன்பே நோயாளியின் விரல் கண்டுபிடித்த அடைப்பு அது.

ஸ்நாக் நோட்டு

விமானப் பராமரிப்பில் இருப்பவர்கள் பழுதை 'ஸ்நாக்' என்பார்கள். புத்தகத்தில் எழுதப்பட்ட ஸ்நாக் அப்படியே கிடக்கக் கூடாது. சரிசெய்து கையெழுத்திட வேண்டும். அல்லது இன்ன பொருள் வேலை செய்யாவிட்டாலும் இத்தனை நாள் வரை பறக்கலாம் என்று அனுமதிக்கும் பட்டியலைப் பார்த்துக் காலக்கெடுவோடு தள்ளிவைக்க வேண்டும். அவர் தம் உடம்புக்கும் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். தேதி, வந்தபோது எடை, போனபோது எடை, ரத்த அழுத்தம், ஊசி போட்ட இடம், ஸ்நாக், சரிசெய்தது என்று பத்திகள். 'வலது கெண்டைக்கால் பிடிப்பு, மூன்றாம் மணி' என்று ஸ்நாக் பத்தியில் எழுதினால், எதிரே ஏதாவது எழுதப்படும் வரை எங்களை விட மாட்டார்.

அவருடைய உலர் எடை, அதாவது உடம்பில் தேங்கிய நீர் நீங்கிய பிறகு இருக்க வேண்டிய எடை, 61 கிலோ. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீரை இழுத்தால் இதயத்துக்குப் பாரம் என்று மருத்துவர் ஒருமுறை சொன்னார். அங்கேயே கணக்குப் போட்டார்: நான்கு மணி நேரத்துக்கு 3.1 லிட்டர். அதைத் தம் 'லிமிட்' என்று நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டார். சென்னையின் மே மாதத்திலும் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி வந்தது அரிது. குடிக்க வேண்டிய நீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்து, அதில் ஒரு பங்கை ஐஸ்கட்டியாக்கி வாயில் அடக்கிக்கொள்வார். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் வீட்டிலிருந்தே போய்விட்டன. காய்கறியை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தார், பொட்டாசியம் குறைய. மனைவிக்கு மட்டும் தனியாக ஒரு காய் செய்வார். தனக்கு வேண்டிய சப்பென்ற சாப்பாட்டை அவர் மீது சுமத்த விரும்பவில்லை.

முதல் ஷிப்டை மறுத்தவர்

நான் அந்த மையத்தில் சேர்ந்தபோது அவருடைய கோப்பில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது: 'ஒத்துழைப்பதில்லை.' காலை ஆறு மணி ஷிப்ட் ஒதுக்கினால் வர மறுக்கிறார், காரணம் சொல்வதில்லை என்பதே புகார். இத்தனை கட்டுப்பாடாக இருக்கும் மனிதர் இதில் மட்டும் பிடிவாதம் பிடிப்பது எனக்குப் பொருந்தவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த அந்த அம்மாவிடம் கேட்டேன். "காலையில் எனக்குக் கை கால் வராதம்மா. எழுந்து உட்கார வைத்து, வெந்நீரில் கையை நனைத்து, பல் துலக்கிவிட்டுக் காபி கொடுக்கவே ஒன்பது மணி ஆகிவிடும்" என்றார். முடக்குவாதத்தில் விடியற்காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது நோயின் இயல்பு. அவர் மறுத்தது சிகிச்சையை இல்லை. மனைவிக்கு அவர் மிகவும் தேவைப்படும் நேரத்தில் வீட்டைவிட்டு வருவதைத்தான். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். மனைவியின் இயலாமையை நாலு பேர் முன்னால் பேசுவது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

பதினொரு மணி ஷிப்ட் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. சிவப்பு மைக் குறிப்பு அடித்து நீக்கப்பட்டது.

அந்த வீட்டுக்குப் போனபோது பார்த்தவற்றைப் பதிவு செய்வது அவசியம். குழாய்த் திருகுகளுக்குப் பதில் நீண்ட நெம்புகோல் பிடிகள். முழங்கையால் தள்ளினால் தண்ணீர் வரும். கரண்டிக் காம்புகளில் தடித்த ரப்பர் குழாய். தாழ்ப்பாளில் உள்ளங்கை அகல வளையம். அழைப்பு மணிக்குப் பட்டனுக்குப் பதில் இழுக்கும் கயிறு. எல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு வாங்கி அவரே செய்தவை. முடக்குவாத நோயாளிகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் பரிந்துரைக்கும் மாற்றங்கள்தான் அத்தனையும். அவருக்கு அவற்றை யாரும் சொல்லித் தரவில்லை. மனைவியின் எந்த விரல் எந்தப் பக்கம் மடங்காது என்பதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

மருந்து விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மா சாப்பிட்டது மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. தவறித் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிருக்கே ஆபத்து. உலகம் முழுவதும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. விமானத்தில் கட்டுப்பாட்டு அமைப்புகளைத் தொட்டு வேலை செய்தால், செய்தவர் பார்ப்பது போதாது. தொடர்பில்லாத இன்னொருவரும் தனியாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அதையே அவர் வீட்டில் விதியாக்கினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த டப்பா பூட்டிய அலமாரியிலிருந்து வெளியே வரும். அந்த அம்மா மருந்தின் பெயரையும் கிழமையையும் உரக்கப் படிக்க வேண்டும், இவர் எண்ணி எடுப்பார், இருவரும் நாட்காட்டியில் குறியிட வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரைக்கு வேறு கிழமை, வேறு நிற டப்பா. அத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூடப் பிசகவில்லை.

வெள்ளம், வறட்சி, ஊரடங்கு

2015 நவம்பர் 30, திங்கட்கிழமை, வழக்கமான டயாலிசிஸ் முடித்துப் போனார். மறுநாள் பெய்த மழையில் அடையாறு கரை கடந்து அனகாபுத்தூர் பக்கம் ஊருக்குள் புகுந்தது. விமான நிலையமே மூடப்பட்டது, ஓடுபாதையில் வெள்ளம். அவர் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு நீர். மாடி வீட்டுக்காரர் இருவரையும் மேலே ஏற்றிக்கொண்டார். புதன் போயிற்று, வெள்ளி போயிற்று. சனிக்கிழமை, டிசம்பர் 5 அன்றுதான் வந்து சேர முடிந்தது. டயாலிசிஸ் இல்லாமல் ஐந்து நாள்.

அப்படி ஒரு இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்கள் நுரையீரலில் நீர் கோத்தோ, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறியோ வருவார்கள். அவருடைய எடை 2.8 கிலோதான் கூடியிருந்தது. பொட்டாசியம் 6.1, அதிகம்தான், ஆனால் இசிஜியில் பெரிய மாற்றம் இல்லை. தண்ணீரை அரை லிட்டருக்குள் நிறுத்தியிருக்கிறார். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும் பொடி ஒன்றை மழைக்காலத்துக்காக முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்திருந்தார். நிவாரணமாக வந்த வாழைப்பழத்தையும் இளநீரையும் தொடவில்லை. தோளில் தொங்கிய பிளாஸ்டிக் பையில் அவருடைய நோட்டு, மனைவிக்கு ஒரு மாத மாத்திரை, மனைவியின் கம்பளி உறை. வந்தவுடன் அவர் முதலில் கேட்டது, அந்த அம்மா படுக்க ஒரு கட்டில் கிடைக்குமா என்பதே.

2019 கோடையில் எதிர்ப்பக்கத் துன்பம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஒரு டயாலிசிஸுக்கு, நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம், நோயாளியின் ரத்தத்துக்கு எதிரே ஓடும் சுத்த நீர் மட்டும் 120 லிட்டர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீர் தனி. மையம் லாரித் தண்ணீரை நம்பி ஓடியது. ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு இடத்து நீர்; உப்பும் குளோரினும் மாறும். கார்பன் வடிகட்டி களைத்துப்போய்க் குளோரின் தப்பி வந்தால் ரத்த அணுக்கள் சிதையும். ஷிப்டுக்கு முன் குளோரினைச் சோதித்து, லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்ப்பது எங்கள் வழக்கம். அவர் டெக்னீஷியனிடம், "தம்பி, சோதனை முடிவை எழுதுகிறீர்கள், எந்த லாரி என்று எழுதவில்லையே. நாளைக்கு ஒரு ஸ்நாக் வந்தால் எங்கே போய்த் தேடுவீர்கள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து லாரி எண்ணும் நீர் எடுத்த இடமும் பதிவேட்டில் ஏறின. இன்றும் ஏறுகின்றன.

2020இல் ஊரடங்கு வந்ததும் உடன் வருபவர்களுக்கு அனுமதி நின்றது. மெத்தோட்ரெக்சேட் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் என்பதால் அந்த அம்மா மையத்துக்கு வராமல் இருப்பதே நல்லது; ஆனால் ஐந்தாறு மணி நேரம் தனியே இருப்பது எப்படி? மாடி வீட்டுக்கு ஒரு மணியும், அதிலிருந்து கீழே படுக்கையருகே தொங்கும் கயிறும் அமைத்தார். மாடி வீட்டு அம்மா மணிக்கொரு முறை எட்டிப் பார்த்தார். அந்த மாதங்களில்தான் இயந்திரத்தில் இருக்கும்போது அவருடைய ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட ஏறியிருந்தது. காரணத்தை நோட்டில் அவரே எழுதினார்: 'வீட்டு நினைப்பு.'

கைகள்

பல ஆண்டு டயாலிசிஸில், இயந்திரம் சரிவர வெளியேற்றாத ஒரு புரதம் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் படிகிறது. மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப் போகின்றன. அவருக்கு 2018இல் வலது கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஓரளவுக்குச் சரியானது. 2021க்குள் இரண்டு கைகளும் தளர்ந்துவிட்டன. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடைந்ததை நான் கேட்டிருக்கிறேன். கெட்டுப்போன சிறுநீரகத்துக்காக அவர் ஒருநாளும் அழுததில்லை. கொக்கியை எடுத்துவிட்டு ஒட்டும் பட்டை தைத்துத் தர ஒரு தையல்காரரைத் தேடிப் பிடித்தார்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலேயே அந்த அம்மா தம் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார். அவருடைய நோயும் மருந்துகளும் அதற்கு இடம் தரவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான பட்டியலில் பெயர் இருந்தது. முறை வருவதற்குள் இதயம் பலவீனமாகிவிட்டது.

2022இல் இதயத்தின் உந்துதிறன் 25 சதவீதமாக இறங்கியது. டயாலிசிஸின் இரண்டாம் மணியிலேயே ரத்த அழுத்தம் 80க்கு இறங்கிவிடும். இயந்திரத்தில் ரத்தத்துக்கு எதிரே ஓடும் திரவத்தின் சூட்டை 35.5 டிகிரிக்குக் குறைத்தோம், நேரத்தை நீட்டினோம், வாரத்துக்கு நான்காவது முறை சேர்த்தோம், அழுத்தத்தை உயர்த்தும் மாத்திரை கொடுத்தோம். வயிற்று வழி டயாலிசிஸையும் யோசித்தோம். அதற்கான திரவப் பைகளை மாற்ற அந்த வீட்டில் வேலை செய்யும் கை ஒன்றுகூட மிச்சமில்லை. சில மாதம் இழுத்தது.

மருத்துவர், அவர், மனைவி, மனைவியின் அக்காள் மகன், நான் என்று உட்கார்ந்து பேசினோம். "இதைத் தொடர்ந்தால் நான் வீட்டில் எழுந்து நடமாட முடியுமா, டாக்டர்?" என்று கேட்டார். முடியாது, பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையில்தான் இருக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அப்படியானால் நிறுத்திக்கொள்கிறேன் என்றார். சுயநினைவோடு இருக்கும் ஒருவர் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. அந்த அம்மா ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அந்த ஒரு வாரம் மட்டும், தமக்கு வேண்டாத டயாலிசிஸை, மனைவிக்காக அவர் செய்துகொண்டார்.

அந்த வாரத்தில் அக்காள் மகனுக்கு ஷிப்ட் மாறும்போது கொடுக்கும் குறிப்பைப் போல ஒன்றைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். மெத்தோட்ரெக்சேட் விதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் மற்றும் ரத்த அணுப் பரிசோதனை, எந்தக் காலில் செருப்பு அழுத்தும், எந்த நெம்புகோலுக்கு எத்தனாம் எண் ஸ்பேனர். "சித்தப்பா ஒவ்வொரு வரியையும் என்னைத் திரும்பப் படிக்க வைத்தார்" என்றான் அவன்.

கடைசி நாட்கள் வீட்டில். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் நோய்த்தணிப்புச் செவிலி வந்து பார்த்தார். சிறுநீரகம் இயங்காதவர்களுக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கிவிடும். அதனால் ஃபென்டனில் பட்டை ஒட்டப்பட்டது, மூச்சுத் திணறல் தணிந்தது. உணவுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. 11 ஆண்டுகளுக்குப் பிறகு சில மிடறு இளநீர் குடித்தார். டயாலிசிஸ் நிறுத்திய ஒன்பதாம் நாள் காலமானார்.

இப்போது செய்வது

எங்கள் கேஸ் ஷீட்டில் 'உடன் வருபவர்' கட்டத்துக்கு அடுத்து இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: 'நீங்கள் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள்?' வயதான தாய், மனவளர்ச்சி குன்றிய மகன், பேரக் குழந்தை என்று பதில்கள் வருகின்றன. ஷிப்ட் ஒதுக்கும்போது அதைப் பார்த்தே ஒதுக்குகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அக்டோபரிலேயே, இடைவெளி நேர்ந்தால் என்ன சாப்பிடலாம், எவ்வளவு குடிக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் எடைக்கேற்ப எழுதிக் கொடுக்கிறோம்.

அந்த அம்மா இப்போது தாம்பரத்தில் அக்காள் மகன் வீட்டில் இருக்கிறார். நெம்புகோல் பிடிகளைக் கழற்றி எடுத்துப் போய் அங்கே பொருத்தியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உரக்கப் படிக்க, மருமகள் எண்ணி எடுக்கிறாள்.

டயாலிசிஸ் நேரத்தில் வீட்டில் தனியே இருக்கும் துணைக்கு ஆள் அனுப்ப எங்களிடம் இன்னும் வழியில்லை. அக்கம்பக்கத்தார் ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாம் மணியில் நாங்களே அழைத்து, அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டு, அந்தப் பதிலை இயந்திரத்தில் இருப்பவரிடம் போய்ச் சொல்கிறோம்.